இல்லாத இலக்கமும் கம்பைலரின் எச்சரிக்கையும்

விண்டோஸ் கணினிக்கான மென்பொருளை சி ஷார்ப் மொழியில் எழுதக் கற்பவர், பத்தாண்டுக்கு முந்தைய பாடக்குறிப்பில் உள்ள நிரலை ஒரு வரியும் மாற்றாமல் இன்றைய விஷுவல் ஸ்டூடியோவில் தட்டச்சு செய்தால் மென்பொருள் ஓடும். ஆனால் திரையின் அடியில் மஞ்சள் முக்கோணங்கள் வரிசைகட்டும். ‘இந்த மாறியில் நல் இருக்கக்கூடும்’, ‘இந்தப் புலத்துக்கு நல் அல்லாத மதிப்பு தரப்படவில்லை’ என்று கம்பைலர் ஒவ்வொரு வரியாகச் சுட்டிக்கொண்டே போகும். நிரலில் புதிதாக எந்தப் பிழையும் நுழையவில்லை. கம்பைலரின் பார்வைதான் கூர்மையாகிவிட்டது. சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டாட் நெட்டின், 2021 நவம்பரில் வெளிவந்த 6ஆம் பதிப்பு முதல், புதிதாகத் தொடங்கும் திட்டங்களில் ‘நல்’ சோதனை முன்கூட்டியே இயக்கப்பட்ட நிலையில் வருகிறது. அதற்கு முன் அது வேண்டியவர் மட்டும் இயக்கிக்கொள்ளும் வசதியாக இருந்தது.

ஒரு தொழிலாளியின் விவரம் கணினியின் நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும். நிரலில் உள்ள மாறி அந்த இடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். சுட்டுவதற்கு எதுவும் இல்லாதபோது மாறியில் இருப்பதே ‘நல்’. அப்படிப்பட்ட மாறியிடம் போய்ப் பெயரையோ முகவரியையோ கேட்டால், மென்பொருள் அந்த வரியிலேயே நின்றுவிடும். விண்டோஸ் ஃபார்ம்ஸ் மென்பொருளில் இது நடந்தால், தொடர்வதா வெளியேறுவதா என்று கேட்கும் ஆங்கிலச் சாளரம் ஒன்று எழும்பும். சம்பளக் கணக்கைப் பதிந்துகொண்டிருக்கும் கிளாக்கருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது. பாதி பதிந்த கணக்கு என்னவாயிற்று என்றும் அவருக்குத் தெரியாது. மஞ்சள் முக்கோணத்தின் வேலை இந்தச் சாளரம் ஒருநாளும் எழும்பாமல் பார்த்துக்கொள்வது.

‘நல்’ எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் பாதை இலங்கையைத் தொட்டுத்தான் செல்கிறது. அதை முதலில் சேர்த்த டோனி ஹோர் 1934 ஜனவரி 11ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர். தந்தை குடியேற்ற அரசின் அதிகாரி. தாய் ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் மகள். விவரங்களை விரைவாக வரிசைப்படுத்தும் ‘குவிக்சார்ட்’ முறையை மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்தார். 1980இல் டூரிங் விருது பெற்றார். 1965இல், நிக்லாஸ் விர்த்துடன் சேர்ந்து உருவாக்கிய ஆல்கால் டபிள்யூ மொழிக்காகச் சுட்டுகளை வடிவமைத்தபோது, எல்லாச் சுட்டுகளும் பாதுகாப்பானவையா என்பதைக் கம்பைலரே தானாகச் சரிபார்க்க வேண்டும் என்பது அவருடைய நோக்கமாக இருந்தது. ஆனால் ‘நல்’ என்ற ஒன்றைச் சேர்ப்பது மிக எளிதாக இருந்ததால் அதை விட்டுவிட மனம் வரவில்லை என்று 2009இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் அவரே விளக்கினார். அதைத் தன்னுடைய நூறு கோடி டொலர் தவறு என்றும் சொன்னார். பின்வந்த மொழிகள் பல அந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டன. அதனால் நின்றுபோன மென்பொருள்களுக்கும் வீணான மனித உழைப்புக்கும் கணக்கில்லை. அரை நூற்றாண்டு கழிந்து கம்பைலர்கள் இப்போது செய்யத் தொடங்கியிருப்பது ஹோர் முதலில் விரும்பிய அதே சரிபார்ப்பைத்தான்.

2002இல் வெளியான சி ஷார்ப்பும் பழைய வழியிலேயே வந்தது. எண்கள் ஒருபோதும் ‘நல்’ ஆக முடியாது. எழுத்துச் சரங்களும் மற்றப் பொருள்களும் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். 2005இல் வந்த இரண்டாம் பதிப்பில், வகையின் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி இட்டால் எண்ணும் ‘நல்’ ஆகலாம் என்ற வசதி சேர்ந்தது. 2019 செப்டெம்பரில் எட்டாம் பதிப்பு அதே கேள்விக்குறியைச் சரங்களுக்கும் பொருள்களுக்கும் கொண்டுவந்தது. ‘ஸ்ட்ரிங்’ என்று மட்டும் எழுதினால் அதில் ‘நல்’ வரவே கூடாது. வரலாம் என்றால் கேள்விக்குறி இட்டாக வேண்டும். சோதனையை இயக்கிய திட்டத்தில், 17 ஆண்டுகளாக எழுதப்பட்டுவந்த ஒரு வரியின் பொருள் எழுத்து மாறாமலே மாறிவிட்டது. பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதால் மீறல்களைப் பிழையாக்காமல் எச்சரிக்கையாக வைத்தார்கள். 2014இல் வந்த ஸ்விஃப்ட், 2016இல் முதல் பதிப்பு கண்ட கோட்லின் ஆகிய மொழிகளுக்கு அந்தப் பழைய சுமை இல்லை. அவை தொடக்கத்திலிருந்தே இதைப் பிழையாக நிறுத்திவிடுகின்றன.

அதே 2019 செப்டெம்பரில்தான் மேசைக்கணினித் திரைகளை உருவாக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸும் டபிள்யூ.பி.எஃப்.பும் டாட் நெட் கோர் 3.0 மூலம் புதிய தளத்துக்கு வந்தன. மேசைக்கணினி மென்பொருள் எழுதுவோர் புதிய தளத்தையும் புதிய எச்சரிக்கைகளையும் ஒருசேரச் சந்தித்ததற்கு அது காரணம்.

எச்சரிக்கைகள் எங்கே, ஏன் எழுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்பது நல்லது. கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறினால் வருவது மடுல்கெல்ல. அப்பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றின் காரியாலயத்துக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதப்படுகிறது என்று கொள்வோம். இணையத் தொடர்பு அறுந்தாலும் சம்பள வேலை நிற்கக் கூடாத இடத்துக்கு மேசைக்கணினி மென்பொருள் இன்றும் ஏற்றது. செக்ரோல் பதிவேட்டில் இருப்பவை இதிலும் இருக்கும்: தொழிலாளியின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், முகவரி, கைத்தொலைபேசி இலக்கம், அன்று விழுந்த பேர் (நாள் வேலை) முழுதா அரையா என்பது, பறித்த கொழுந்தின் கிலோ.

கிலோவில் தொடங்கலாம். கவ்வாத்துக்கோ புல் வெட்டவோ போனவருக்கு அன்று கொழுந்து நிறுவையே இல்லை. அந்த இடத்தில் சுழியம் எழுதினால், மலைக்குப் போய் ஒரு கிலோகூடப் பறிக்கவில்லை என்று பொருளாகிவிடும். மாதச் சராசரியும் கீழே விழும். ‘நல்’ என்று வைத்தால் சி ஷார்ப்பின் சராசரி காணும் வசதி அந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். ‘நல்’ கட்டாயம் வேண்டிய இடங்கள் உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் கவனமும் வேண்டும். கூட்டல் குறியால் ‘நல்’லோடு எதைக் கூட்டினாலும் விடை ‘நல்’தான். தோட்டம் நிர்ணயித்த அளவு 18 கிலோ என்றால், ‘நல்’ 18ஐவிடக் கூடவா என்று கேட்டாலும் இல்லை என்று விடை வரும். குறைவா என்று கேட்டாலும் இல்லை என்றே வரும். இரண்டில் ஒன்று உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பி எழுதிய நிரல் இங்கே ஏமாறும்.

சரங்களிலும் பொருள்களிலும் புதியவர் முதலில் சந்திப்பது பெரும்பாலும் சி.எஸ். 8618 என்ற இலக்கமுடைய எச்சரிக்கை. படிவத்தில் ‘தற்போதைய தொழிலாளி’ என்று ஒரு புலம் வைத்து, படிவம் திரையில் ஏறும் நேரத்து நிகழ்வில் அதற்கு மதிப்பு கொடுப்பது நெடுநாள் பழக்கம். கம்பைலரின் கணக்கு வேறு. ஒரு பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் முடியும்போதே, கேள்விக்குறி இல்லாத இத்தகைய புலங்கள் எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். ஏற்றும் நிகழ்வு பிறகு கட்டாயம் நடக்கும் என்பது நிரலாளருக்குத் தெரியும். கம்பைலருக்கு அதை அறிய வழியில்லை. கன்ஸ்ட்ரக்டர் அழைக்கும் துணை முறை ஒன்றில் மதிப்பு கொடுத்திருந்தாலும் எச்சரிக்கை போகாது. அழைக்கப்படும் முறையின் தலைப்பு வரியை மட்டுமே கம்பைலர் படிக்கும், உடலுக்குள் நுழைந்து பார்க்காது. இதைத் தெரிந்துகொண்டால் ‘சோதித்த பிறகும் ஏன் எச்சரிக்கிறது’ என்ற குழப்பங்களில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். துணை முறை எந்தப் புலத்தை நிரப்புகிறது என்பதைத் தலைப்பிலேயே குறிப்பாக எழுத வழி இருக்கிறது. எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும்.

பொத்தான்களையும் பெட்டிகளையும் இழுத்து வைக்கும்போது விஷுவல் ஸ்டூடியோ தானே எழுதும் ‘டிசைனர்’ கோப்பில் இந்தச் சோதனை நடப்பதில்லை. தானாக உருவான நிரல் என்று கம்பைலர் அதை விட்டுவிடும். அதனால் ஒரு விந்தை நேர்கிறது. பொத்தானை இருமுறை சொடுக்கி உருவாக்கிய நிகழ்வு எச்சரிக்கையின்றி வேலை செய்யும். அதே இணைப்பை நிரலாளர் தன் கோப்பில் கையால் எழுதினால் சி.எஸ். 8622 எழும். நிகழ்வை அனுப்பியவர் யார் என்பதைச் சொல்லும் முதல் அளபுரு ‘நல்’ ஆகவும் வரலாம் என்று இன்றைய டாட் நெட் அறிவித்திருக்கிறது. பழைய பாணியில் எழுதிய முறையோ அதை வராது என்கிறது. அந்த அளபுருவின் வகைக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி இட்டால் போதும். டபிள்யூ.பி.எஃப். பக்கத்திலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. மதிப்பு மாறியதைத் திரைக்கு அறிவிக்கும் ‘ப்ராப்பர்ட்டி சேஞ்ச்டு’ நிகழ்வைப் பழைய முறையில் அறிவித்தால் 8618 வரும். கேட்க யாருமே பதிவு செய்யாத நேரத்தில் அந்த நிகழ்வு உண்மையாகவே ‘நல்’ என்பதால் அங்கும் கேள்விக்குறியே சரி.

மேலே சொன்னவை சடங்குபோலத் தீர்க்கக்கூடியவை. சி.எஸ். 8602 அப்படிப்பட்டதல்ல. ‘இங்கே நல் வந்தால் மென்பொருள் நின்றுவிடும்’ என்று அது நேராகச் சொல்கிறது. டிவிஷன் பெயர்கள் அடங்கிய கீழிறங்கு பெட்டியில் தேர்ந்தெடுத்த பெயரை எடுக்கும் வரி நல்ல எடுத்துக்காட்டு. கிளாக்கர் எதையும் தேர்ந்தெடுக்காமல் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் தேர்வு ‘நல்’. எழுதியவர் சோதிக்கும்போது எப்போதும் தேர்ந்தெடுத்துவிட்டே அழுத்தியிருப்பார். சம்பள நாளின் அவசரத்தில் காரியாலயத்தில் அப்படி நடக்காது. இந்த எச்சரிக்கைக்குத் தக்க பதில், தேர்வு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதும், இல்லையென்றால் கிளாக்கருக்குப் புரியும் தமிழிலோ சிங்களத்திலோ சொல்வதும். அந்தச் சோதனையை எழுதியதும், அதற்குக் கீழே உள்ள வரிகளில் அந்த மாறி ‘நல்’ அல்ல என்று கம்பைலர் தானே புரிந்துகொண்டு எச்சரிக்கையை விலக்கிவிடும்.

எச்சரிக்கையை வாயடைக்கவும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. மாறியின் பின்னால் ஆச்சரியக்குறி இட்டால், இது ‘நல்’ அல்ல என்று நிரலாளர் உறுதி கூறுவதாகக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அந்த உறுதியை மென்பொருள் ஓடும்போது யாரும் சரிபார்ப்பதில்லை. விளக்க முடிந்த ஒன்றிரண்டு இடங்களில் அது பயனுள்ளது. நூறு எச்சரிக்கைகளை ஒரே மாலையில் ஆச்சரியக்குறியால் துடைத்தெறிந்த மென்பொருளோ, சோதனையே இல்லாத பழைய மென்பொருளைவிட மோசமானது. சிக்கல் அப்படியே இருக்க, தடயம் மட்டும் போயிருக்கும். எல்லாச் சரங்களுக்கும் வெற்றுச் சரத்தைத் தொடக்க மதிப்பாகக் கொடுத்துவிடுவதும் கிட்டத்தட்ட இதே தவறுதான். அதை உணர அடையாள அட்டை இலக்கத்தைப் பார்க்க வேண்டும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் பழைய முறையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் 12 இலக்கங்கள். எழுத்து வருவதால் அதைச் சரமாகத்தான் வைக்க வேண்டும். கேள்விக்குறியோடா, இல்லாமலா? கேள்விக்குறி இல்லை என்று முடிவு செய்தால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இலக்கம் கட்டாயமாகிறது. தோட்டப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. 1,50,000 பேரின் கதி பின்னர் பேசலாம் என்று விடப்பட்டது. எஞ்சியவர்களின் குடியுரிமைக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. அடையாள அட்டை குடிமக்களுக்கு உரியது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சேமலாப நிதியோ, அந்த அட்டைக்கு வழிவகுத்த ஆட்பதிவுச் சட்டம் வந்த 1968க்கு முன்பே தொழிலாளரின் பெயர்களைப் பதியத் தொடங்கிவிட்டது. எனவே நிதிக்கு இலக்கம் இருந்து அடையாள அட்டைக்கு இலக்கம் இல்லாத ஒரு பழைய பதிவு பிழையான பதிவு அல்ல. உண்மையான ஒரு மனிதரின் பதிவு.

மென்பொருள் அந்தக் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், கிளாக்கர் ஒன்பது சுழியங்களைத் தட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவார். நிரலாளர் வெற்றுச் சரத்தைத் தொடக்க மதிப்பாக்கியிருந்தால் கட்டம் காலியாகவே தாண்டிப் போகும். இரண்டிலும் கம்பைலர் அமைதியாக இருக்கும். மாத முடிவில் சேமலாப நிதிக்குப் போகும் சீ படிவத்தில் மட்டும் ஒருவருடைய வரி தவறாக இருக்கும். ஊதியத்திலிருந்து 8 வீதமும் தோட்டம் தன் பங்காகச் செலுத்தும் 12 வீதமும் யார் கணக்கில் சேர்ந்தன என்ற வழக்கு, அவர் ஓய்வு பெறும் நாளில் எழும். கேள்விக்குறியோடு ‘இல்லை’ என்பதை ஒளிவில்லாமல் பதிந்தால், படிவம் அச்சிடும் இடத்தில் 8604 போன்ற எச்சரிக்கை எழுந்து, இலக்கம் இல்லாதவருக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று எழுதும்போதே கேட்டுவிடும்.

முகவரியும் அப்படித்தான். லயத்துக் குடும்பங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமல், கடிதங்களெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து சேரும் நிலை நெடுங்காலம் நீடித்தது. வீதிப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கட்டாயப்படுத்தும் படிவம் நகரத்தில் வடிவமைக்கப்பட்டது என்று பார்த்தவுடனே தெரியும். எந்தக் கட்டம் காலியாக இருக்கலாம் என்பதை விசைப்பலகைக்கு முன்னால் இருந்து தீர்மானிக்க முடியாது. கணக்கப்பிள்ளையிடமும் கிளாக்கரிடமும், பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகிறவரிடமும் கேட்டே அறிய வேண்டும். கம்பைலரின் எச்சரிக்கை அந்த விசாரிப்பைத் தொடக்கி வைக்கிறது என்பதுதான் அதன் மிகப் பெரிய பயன்.

இந்தச் சோதனைக்கு எட்டாத இடங்களும் இருக்கின்றன. தரவுத்தளத்தில் காலியாக உள்ள கட்டம், பழைய அடோ டாட் நெட் வழியில் வரும்போது ‘நல்’ ஆக வருவதில்லை. ‘டிபி நல்’ என்ற தனிப் பொருளாக வருகிறது. அது கம்பைலரின் கண்ணில் முழுமையான ஒரு மதிப்பு. ஆகவே ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் ஓடும் நேரத்தில் வகை மாற்றத்தில் தடுக்கும். மதிப்பு ஒன்றை மட்டும் எடுத்துத் தரும் ‘எக்ஸிக்யூட் ஸ்கேலர்’ முறையில் இரண்டுமே நேரலாம்: வரிசையே கிடைக்காவிட்டால் ‘நல்’, வரிசை கிடைத்துக் கட்டம் காலியென்றால் ‘டிபி நல்’. புதிதாக உருவாக்கிய அணியின் இடங்கள், கேள்விக்குறி இல்லாத வகையாக இருந்தாலும், நிரப்பப்படும்வரை ‘நல்’தான், அங்கேயும் கம்பைலர் வாய் திறக்காது. ஒரு புலத்தைச் சோதித்த வரிக்கும் பயன்படுத்தும் வரிக்கும் இடையில் வேறொரு முறை அதை ‘நல்’ ஆக்கிவிட்டாலும் கவனிக்காது. கேள்விக்குறி கம்பைலர் படிப்பதற்கான குறிப்பு மட்டுமே. மென்பொருள் ஓடும்போது அது எதையும் தடுப்பதில்லை. வெளியிலிருந்து கோப்பாகவோ தரவுத்தளமாகவோ வரும் எதையும் நுழையும் வாசலிலேயே சோதிக்கும் கடமை பழையபடியே இருக்கிறது.

பழைய மென்பொருளைப் புதிய தளத்துக்கு மாற்றும்போது சோதனையை முழுத் திட்டத்துக்கும் ஒரேயடியாக இயக்கினால் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கைகள் கொட்டலாம். அவ்வளவையும் கண்டு மனம் தளர்ந்து மொத்தமாக அணைத்துவிடுவது பலர் செய்வது. கோப்பின் தலையில் ஒரு வரி எழுதி அந்தக் கோப்புக்கு மட்டும் சோதனையை இயக்கும் வசதி இருக்கிறது. வேறு எதையும் சாராத தரவு வகுப்புகளிலிருந்து தொடங்கி, அவற்றைப் பயன்படுத்தும் படிவங்களுக்குப் பிறகு வருவது சிரமம் குறைந்த ஒழுங்கு. புதிய வகுப்புகளில், பொருளை உருவாக்குகிறவர் கட்டாயம் தர வேண்டிய புலங்களுக்கு 2022இல் சி ஷார்ப் 11இல் வந்த ‘ரிக்வயர்டு’ என்ற சொல்லைச் சேர்க்கலாம். 8618க்கு அது நேர்மையான பதில். டாட் நெட்டின் நூலகங்களுக்கே கேள்விக்குறிகள் பதிப்புக்குப் பதிப்பு கட்டம் கட்டமாகத்தான் சேர்க்கப்பட்டன. அதனால் சுத்தமாக இருந்த திட்டத்தில், பதிப்பை உயர்த்திய மறுநாள் சில எச்சரிக்கைகள் தலைகாட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. நூலகம் முன்பு சொல்லாததை இப்போது சொல்கிறது.

கண்டியிலும் மலையகத்திலும் இப்போது நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர்கள், சோதனையை அணைத்துவிடச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே கருதும் அமைப்பையும் முதல் நாளிலேயே இயக்கிவிடுங்கள். திட்டம் சிறிதாக இருக்கும்போது அதற்கு ஆகும் செலவு சில நிமிடங்கள்தான்.